இல்லம் வேண்டி நிற்கும் இளநாய்

'கல்லைக் கண்டால் நாயைக் காணோம். நாயைக் கண்டால் கல்லைக் காணோம்' என்பது தமிழ்நாட்டில் நெடுநாளாக வழங்கிவரும் பழமொழி. நாயைக் கண்ட இடத்தில் அதன்மேல் எறிவதற்குக் கல் அகப்படவில்லையே என்று வருந்துவோன் கூற்றாகவே இதனைப் பலரும் கருதுகின்றனர். அறிந்தோர் இதற்கு வேறு பொருள் உரைப்பர். சிற்பி ஒருவன் கல்லிலே நாய் ஒன்றைச் செதுக்கி வைக்கின்றான். அதனை நாய் என்று நோக்குவார்க்குக் கல் என்னும் எண்ணம் மறைந்துபோகின்றது. கல் என்று நோக்குவார்க்கு நாயின் வடிவம் மறைந்துபோகின்றது. காணும் பொருள் ஒன்றே. காண்பார் கருத்தே வேறாகின்றது.

இப்பழமொழி இன்று நம் தெருக்களில் திரியும் நாய்க்கும் பொருந்தும். 'தெருநாய்' என்று சொல்வார்க்குத் தெரு மட்டுமே தோன்றுகின்றது. 'கலப்பினம்' என்று சொல்வார்க்குக் கலப்பு மட்டுமே தோன்றுகின்றது. பசியும் அச்சமும் அன்பும் உடையதாய் அங்கே நிற்கும் நாயை அவர்கள் காண்பதில்லை. அதனைக் காணக் கற்பதும், கண்டபின் நம் கடமை யாது என்று எண்ணிப் பார்ப்பதும் மாணவர்க்குத் தேவையான பயிற்சிகள் ஆகும்.

வடசென்னை உழைப்பின் நிலம். 1856ஆம் ஆண்டில் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் புறப்பட்ட இராயபுரம் நிலையம் இங்கே உள்ளது. விடியுமுன் படகுகள் வந்து கூடும் காசிமேட்டு மீன்பிடி துறைமுகம் இங்கே உள்ளது. திருவொற்றியூரில் ஆலைகளும், எண்ணூரை அடுத்து அனல்மின் நிலையமும் காமராசர் துறைமுகமும் அமைந்துள்ளன. சரக்குப் பெட்டகங்களைச் சுமந்த லாரிகள் சாலைதோறும் நிரைநிரையாய் நிற்பதை இப்பகுதியில் வாழும் பிள்ளைகள் நாள்தோறும் காண்பர். அந்த லாரிகளின் நிழலில் நாய்கள் படுத்திருக்கும். மீன் கழிவையும், ஓட்டுநர் உண்டு எஞ்சிய சோற்றையும் உண்டு அவை உயிர் வாழும். இரவில் கிடங்கின் வாயிலில் அயலார் அடி ஓசை கேட்டால் கூலி பெறாமலே குரைத்துக் காவல் புரியும்.

இத்தகைய நாய்களுள் ஒன்றை மனக்கண்முன் நிறுத்திப் பார்ப்போம். அஃது ஓராண்டு நிரம்பிய இளநாய். உடல் செம்பழுப்பு; மார்பு வெண்மை; ஒரு செவி நிமிர்ந்தும் மற்றொரு செவி மடிந்தும் இருக்கின்றன. தாய் நாட்டு நாய். தந்தை எவ்வினமோ, யார் அறிவார்! எண்ணூர்ச் சாலையில் வண்டி மோதிக் கால் ஒடிந்து கிடந்ததனை இரக்கமுடையார் ஒருவர் எடுத்துக் காப்பகத்தில் சேர்த்தார். மருத்துவர் கட்டிய கட்டினால் எலும்பு கூடிற்று, தடுப்பூசியும் போடப்பட்டது. இனி அதற்கு வேண்டுவது ஒரு வீடே. காப்பகத்திற்கு வருவோர் எல்லாரையும் தன்னை அழைத்துப்போக வந்தவர் என்றே எண்ணி அது துள்ளுகின்றது. கம்பிக் கதவின்மேல் முன்கால்களை ஊன்றி நின்று வாலை ஆட்டுகின்றது. ஆயினும் வருவோர் மூன்று காரணம் கூறி அதனை விட்டுச் செல்கின்றனர். 'கலப்பினம்' என்பார் ஒருவர், 'மிகவும் துள்ளுகின்றது' என்பார் மற்றொருவர், 'தெருவில் திரிந்தது, கடித்துவிடும்' என்பார் வேறொருவர். இம்மூன்றும் தக்க காரணங்கள்தாமா என்பதை ஒன்றன்பின் ஒன்றாக ஆராய்வோம்.

முதலாவது, கலப்பினம் என்னும் குறை. இனத் தூய்மை என்பது இயற்கை வகுத்தது அன்று. மனிதன் தன் தேவைக்கும் விருப்பத்திற்கும் ஏற்பத் தேர்ந்து தேர்ந்து வளர்த்ததனால் வந்தது. நம் நாட்டின் இராசபாளையம், கோம்பை, கன்னி, சிப்பிப்பாறை ஆகியவை வேட்டைக்கும் காவலுக்கும் அவ்வாறு வளர்க்கப்பட்ட நல்லினங்கள். இராசபாளையம் நாயின் உருவம் 2005ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் தலையில் இடம்பெற்றது. இவை நம் பெருமைக்கு உரியவை என்பதில் ஐயம் இல்லை. எனினும், ஓரினத்துக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாக இணை சேர்ப்பதனால் சில குறைகளும் தொடர்ந்து வருகின்றன. வெண்ணிற இராசபாளையம் நாய்களுள் சில பிறவிச் செவிடாய் இருப்பதும், தட்டை மூக்குடைய மேல்நாட்டு நாய்கள் மூச்சுவிட இடர்ப்படுவதும் மருத்துவர் அறிந்தவை. பனிநாட்டு நாயைப் பெரும்பொருள் கொடுத்து வாங்கிச் சென்னையின் சித்திரை வெயிலில் வாட விடுவோரும் உளர். இம்மண்ணின் வெயிலுக்கும் மழைக்கும் பழகிய உடல் கொண்ட நாட்டு நாயோ பொருள் ஏதும் வேண்டாமல் வாயிலில் வந்து நிற்கின்றது.

நாயின் சிறப்பை நம் முன்னோர் எதனால் அளந்தனர் என்பதற்குச் சான்று ஒன்று உண்டு. திருவண்ணாமலை மாவட்டத்தில், செங்கத்தை அடுத்த பகுதியில், எடத்தனூர் என்னும் ஊரிலே நடுகல் ஒன்று உள்ளது. மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது. ஏறத்தாழ 1,400 ஆண்டுகளுக்கு முற்பட்டது. ஆநிரைக்காக நடந்த பூசலில் இறந்த வீரன் ஒருவனுக்கு எடுக்கப்பட்ட அக்கல்லில் அவனுடைய நாயின் உருவமும் செதுக்கப்பட்டிருக்கின்றது. அந்நாயின் பெயர் கோவிவன் என்றும், அது கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்றது என்றும் கல்வெட்டு உரைக்கின்றது. அதன் இனம் யாது, தாய் எது, தந்தை எது என்று கல்வெட்டு ஒரு சொல்லும் கூறவில்லை. அது செய்த செயலைக் கூறுகின்றது. அதன் பெயரைக் கூறுகின்றது. அரசர் பலருடைய பெயர் மறைந்துபோக, ஒரு நாயின் பெயர் இன்றும் நிற்கின்றது. கல்லும் நாயும் ஒருங்கே காணக் கிடைக்கும் இடம் அதுவே எனலாம்.

அயல்நாட்டுச் செய்தி ஒன்றும் ஈண்டு நினைக்கத் தக்கது. விண்வெளிக்கு மனிதன் செல்லுமுன் சோவியத்து நாட்டு அறிஞர் நாய்களை அனுப்பிப் பார்த்தனர். அதற்கு அவர்கள் விலையுயர்ந்த இன நாய்களைத் தேடவில்லை; மாசுகோ நகரத் தெருக்களில் திரிந்த கலப்பின நாய்களையே தேர்ந்தனர். பசியையும் குளிரையும் தாங்கி வாழ்ந்தவை எதனையும் தாங்கும் என்பது அவர்கள் கருத்து. 1957ஆம் ஆண்டு நவம்பர் 3ஆம் நாள் இலைக்கா என்னும் நாய் விண்கலத்தில் அனுப்பப்பட்டது. அதனைத் திரும்பக் கொணர்வதற்கு வழி வகுக்கப்படவில்லை. கலம் புறப்பட்ட சில மணி நேரத்திலேயே அது வெப்பத்தால் இறந்தது. 1960ஆம் ஆண்டு ஆகசுட்டில் சென்ற பெல்க்கா, இசுதிரெல்க்கா என்னும் இரண்டு நாய்களும் உலகை வலம்வந்து உயிருடன் மீண்டன. இசுதிரெல்க்கா ஈன்ற குட்டிகளுள் ஒன்று அடுத்த ஆண்டில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடியின் குடும்பத்திற்குப் பரிசாக அனுப்பப்பட்டது. தெருவிற் பிறந்தாள் மகள் வெள்ளை மாளிகையில் வளர்ந்தாள். இலைக்காவை நினைக்குந்தோறும் நாம் வருந்துகின்றோம். ஆயினும் கலப்பினத்தின் ஆற்றலைப் பற்றி இனி ஐயம் கொள்வதற்கு இடம் இல்லை.

இரண்டாவது, துள்ளல் என்னும் குறை. இதனைக் குறை என்று கொள்வதே பிழை. ஓராண்டு அகவையுள்ள நாய் மனிதருள் பதின்பருவத்துப் பிள்ளைக்கு நிகரானது. உடலில் வலிமை பெருகி வருகின்றது. அதனைச் செலவிடும் வழி இன்னும் தெரியவில்லை. நாற்பது ஆண்டு வகுப்பறையில் நின்றவன் என்னும் முறையில் ஓர் உண்மையை யான் உறுதியாகக் கூற இயலும். இருக்கையில் இராது எழுந்து எழுந்து ஓடும் மாணவனைப் பிரம்பால் அடக்கிய ஆசிரியர் வென்றதில்லை. வகுப்பிற்குத் தண்ணீர் கொணரவும், நிலப்படத்தை மாட்டவும், இளைய மாணவரை வரிசையில் நிறுத்தவும் அவனை ஏவிய ஆசிரியரே வென்றார். அத்தகைய மாணவருள் பலர் பின்னாளில் பள்ளி விளையாட்டுக் குழுவின் தலைவராய் விளங்கினர். அவர்கள் வேண்டியது வேலையே, தண்டனை அன்று.

இளநாயும் அத்தகையதே. காலையில் தார்ச்சாலை சூடேறுமுன் ஒரு முறையும், மாலையில் வெயில் தாழ்ந்தபின் ஒரு முறையும் கழுத்துப்பட்டையில் கயிறு கோத்து அதனை நடத்திச் செல்லல் வேண்டும். வழியிலே மோந்து மோந்து செல்வதற்கு அதற்கு நேரம் தருதல் வேண்டும். நமக்குக் கண் எப்படியோ, நாய்க்கு மூக்கு அப்படி. பந்தை எறிந்து எடுத்துவரப் பழக்கலாம். 'வா', 'உட்கார்', 'நில்' என்னும் சொற்களை ஒரு நாளைக்குச் சிறிது நேரமாகப் பல முறை சொல்லி, ஏற்று நடந்தபோது சிறு தின்பண்டம் கொடுத்துப் பாராட்டினால் விரைவில் கற்றுக்கொள்ளும். அடித்துக் கற்பித்த நாய் அஞ்சும், அன்றிக் கடிக்கும், கற்காது. செருப்பைக் கடிப்பதும் கொழுப்பினால் அன்று. குட்டிக்குப் பால்பற்கள் விழுந்து நிலைப்பற்கள் முளைக்கும்போது ஈறு உறுத்தும். நாற்பத்திரண்டு பற்களும் முளைத்த பின்னரும், வேலையின்றி இருக்கும் நாய் எதனையாவது மெல்லும். செருப்பை எட்டாத இடத்தில் வைத்து, மெல்லுதற்கு உரிய பொருளை நாமே கொடுப்பது அறிவுடைமை. நன்றாக நடந்து, ஓடி, விளையாடி வந்த நாய் வீட்டிற்குள் நுழைந்ததும் மூலையில் சுருண்டு உறங்கிவிடும். வீடு சிறிது என்பது பெருந்தடை அன்று. பெரிய வீட்டின் முற்றத்தில் நாள் முழுதும் கட்டிக் கிடக்கும் நாயைவிட, வாரியக் குடியிருப்பின் ஓரறை வீட்டில் வாழ்ந்து இருவேளையும் கடற்கரை மணலில் ஓடிவரும் நாய் நற்பேறு உடையது.

மூன்றாவது, கடிக்கும் என்னும் அச்சம். இவ்வச்சத்தை எள்ளி ஒதுக்குதல் கூடாது. விடியலில் மீன் எடுக்கச் செல்லும் மகளிரும், இரவுப் பணி முடித்து நடந்து வரும் தொழிலாளரும், பள்ளிக்குச் செல்லும் சிறாரும் நாய்க் கூட்டத்தைக் கண்டு நடுங்குவதில் நியாயம் உண்டு. வெறிநாய்க்கடி நோய் அறிகுறி தோன்றியபின் பெரும்பாலும் உயிரைப் போக்கியே தீரும். உலகில் மக்கட்கு வரும் இந்நோயில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு நாயினால் வருவதே என உலக நல்வாழ்வு நிறுவனம் கூறுகின்றது. ஆனால் இந்நோயைத் தடுக்கும் மருந்து நம்மிடம் உண்டு. 1885ஆம் ஆண்டில் லூயி பாசுடர் என்னும் பிரெஞ்சு அறிஞர் வெறிநாய் கடித்த சிறுவன் ஒருவனுக்குத் தடுப்பூசி போட்டு அவனைக் காத்தார். அவர் பெயரால் நம் குன்னூரில் 1907ஆம் ஆண்டில் ஆய்வு நிலையம் அமைந்தது. நாய் கடித்தால், கீறினாலும்கூட, புண்ணைச் சோப்பினால் ஓடும் நீரில் கால்மணி நேரம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குச் செல்லல் வேண்டும். மஞ்சளும் மிளகாய்ப் பொடியும் அப்பிக்கொண்டு வீட்டில் இருத்தல் உயிருக்குக் கேடு. பெற்றோர் கடிந்துகொள்வரோ என்று அஞ்சிக் கடியை மறைக்கும் பிள்ளைகள் இதனை நன்கு நினைவிற்கொள்ளுதல் வேண்டும்.

அச்சம் நியாயமானதே; ஆயின் அச்சத்திற்கு மருந்து யாது? கொல்வதே மருந்து என்று ஒரு காலத்தில் கருதினர். சென்னை மாநகராட்சி நெடுங்காலம் தெருநாய்களைப் பிடித்துக் கொன்றுவந்தது. நாய்கள் குறைந்தபாடில்லை. ஒரு தெருவில் நாய்கள் அழிந்தால் அங்குள்ள குப்பையும் எச்சிற்சோறும் அடுத்த தெரு நாய்களை அழைக்கும். எஞ்சிய பெண்நாய் ஒன்று ஆண்டுக்கு இரு முறைகூடப் பல குட்டிகளை ஈனும். இதனை உணர்ந்தோர் கருத்தடை அறுவையும் தடுப்பூசியுமே வழி என்றனர். விமான ஓட்டியாகிய கேப்டன் வி. சுந்தரமும் அவர்தம் துணைவியார் உஷா சுந்தரமும் 1959ஆம் ஆண்டில் சென்னையில் புளூ கிராசு அமைப்பைத் தொடங்கினர். மழைவெள்ளத்தில் தத்தளித்த நாய்க்குட்டிகளைக் காத்து வீட்டிற்குக் கொணர்ந்ததே அதற்கு வித்து என்பர். 1964 முதல் அவ்வமைப்பு இக்கருத்தடை முறையை வலியுறுத்தி வந்தது. 1996ஆம் ஆண்டில் மாநகராட்சியும் அம்முறையை ஏற்றது. 2001ஆம் ஆண்டில் அது நாடு முழுமைக்கும் விதியாயிற்று. 2023ஆம் ஆண்டில் புதிய விதிகள் வந்தன.

இவ்வளவு செய்தும் பணி முடிந்ததில்லை. 2024ஆம் ஆண்டின் கணக்கெடுப்பின்படி சென்னைத் தெருக்களில் ஏறத்தாழ 1,80,000 நாய்கள் உள்ளன. மாநகராட்சி தன் பணியைச் செய்தல் வேண்டும். குப்பையைத் தெருவில் கொட்டாது மக்கள் தம் பணியைச் செய்தல் வேண்டும். தடுப்பூசி போட்ட இளநாய் ஒன்று ஒரு வீட்டை அடையுமானால், அச்சுறுத்தும் கூட்டத்தில் ஒன்று குறைகின்றது. காக்கும் துணை ஒன்று கூடுகின்றது. ஆகவே, நாயை அஞ்சுவோரும் நாய்க்கு இரங்குவோரும் பகைவர் அல்லர். இருவர் வேண்டுவதும் ஒன்றே. நாய் தெருவில் கேட்பாரற்றுத் திரிதல் கூடாது என்பதே.

தெருவில் துன்புற்ற நாய் மனிதரை மீண்டும் நம்புமா என்று கேட்போரும் உண்டு. 2016ஆம் ஆண்டு சூலைத் திங்களில் சென்னைக்கு அருகே, மாடியின் உச்சியிலிருந்து இளம் பெண்நாய் ஒன்றை ஒருவன் கீழே வீசி எறிந்தான். மற்றொருவன் அதனைப் படம் பிடித்தான். நாடே அதனைக் கண்டு பதைத்தது. நாய் இறந்திருக்கும் என்றே எல்லாரும் எண்ணினர். சில நாட்களுக்குப் பின்னர் அது உயிருடன் கண்டெடுக்கப்பட்டது. எலும்பு முறிந்திருந்த அதற்கு மருத்துவம் செய்து, பத்ரா என்று பெயரும் இட்டனர். பின்பு அதற்கு ஒரு வீடும் கிடைத்தது. எறிந்த கையும் மனிதன் கையே. எடுத்த கையும் மனிதன் கையே. நாய் இரண்டாவது கையை நம்பிற்று. உருக்குமணி தேவி அம்மையாரின் முயற்சியால் 1960ஆம் ஆண்டில் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி முதற்குற்றத்திற்கு விதிக்கக்கூடிய உயர்ந்த தண்டம் ஐம்பது ரூபாய். அன்று அது பெருந்தொகை. இன்று ஒரு வேளைச் சிற்றுண்டியின் விலை. சட்டம் வலிவுற வேண்டும் என்பது என் கருத்து. எனினும் நாயைக் காக்கும் கடமையைச் சட்டத்திடமே விட்டுவிடுதல் தகாது.

இனி, வீடு என்பதன் பொருளை எண்ணுவோம். திருவொற்றியூர்க் கடற்கரையில் பட்டினத்தாரின் சமாதி இருப்பதனை இப்பகுதிப் பிள்ளைகள் அறிவர். அவரையும் அவர்தம் மாணவர் பத்திரகிரியாரையும் பற்றிய கதை ஒன்று உண்டு. அரசு துறந்து வந்த பத்திரகிரியார் ஓர் ஓட்டினைக் கையில் ஏந்தி இரந்து, கிடைத்த சோற்றில் தம்மை அண்டிய நாய் ஒன்றற்கும் பங்கிட்டு வந்தார். ஒரு நாள் பட்டினத்தாரிடம் ஒருவர் வந்து உணவு கேட்க, 'என்னிடம் ஒன்றும் இல்லை. அந்த வாயிலில் குடும்பி ஒருவன் இருக்கின்றான், அவனைக் கேள்' என்றாராம் அவர். ஓடும் நாயும் உடையவன் துறவி அல்லன், குடும்பி என்பது அவர் கருத்து. துறவிக்கு அச்சொல் இடித்துரை. இல்லறத்தார்க்கோ அஃது இலக்கணம். நாய் ஒன்றற்குச் சோறிட்டவன் அக்கணமே குடும்பி ஆகின்றான். அது விளையாட்டுப் பொருள் அன்று. குடும்பத்தில் ஓர் உறுப்பு.

இக்கருத்து நமக்கு மட்டும் உரியது அன்று. இராயபுரத்தில் 1910ஆம் ஆண்டில் பார்சி மக்கள் கட்டிய தீக்கோயில் ஒன்று உள்ளது. அம்மக்களின் சமய நூல்களுள் ஒன்றான வெந்திதாதின் 13ஆம் பகுதி நாயைப் பற்றியதே. நாய்க்குத் தகாத உணவு இடுவதும் அதனைத் துன்புறுத்துவதும் குற்றம் என்று அது விதிக்கின்றது. கோயில் வேறாயினும் குடும்பியின் கடமை வேறாவதில்லை.

அக்கடமைகள் எவை? நாய் பத்து முதல் பதினைந்து ஆண்டு வாழும். இன்று ஒன்பதாம் வகுப்பில் பயிலும் மாணவன் ஒரு குட்டியைக் கொணர்ந்தால், அது முதுமை எய்தும்போது அவன் இருபத்தைந்து அகவையைக் கடந்திருப்பான். தேர்வு வரும், வேலை வரும், வீடு மாறும், நாயோ அவனையே நம்பியிருக்கும். ஆண்டுதோறும் தடுப்பூசி போடுதல் வேண்டும். உரிய காலத்தில் கருத்தடை செய்தல் வேண்டும். தூய நீரை எந்நேரமும் வைத்தல் வேண்டும். நாம் உண்ணும் சோற்றோடு முட்டையோ மீனோ இறைச்சியோ முள்ளும் எலும்பும் நீக்கிக் கொடுக்கலாம். வெங்காயம், திராட்சை, சாக்லேட் ஆகியவை நாய்க்கு நஞ்சு. மாநகராட்சியில் உரிமம் பெற்று, மைக்ரோசிப் பொருத்துதல் வேண்டும். புதிய வீட்டிற்கு வந்த நாய் சில நாள் அஞ்சி ஒதுங்கும். சில வாரத்தில் பழகும். சில திங்களில் இது என் வீடு என்று உரிமை கொள்ளும். அதுவரை பொறுத்தலும் கடமையே. 2025ஆம் ஆண்டு ஆகசுட்டு 22ஆம் நாள் உச்சநீதிமன்றம் தெருநாய்களைப் பற்றி வழங்கிய ஆணையில், விரும்புவோர் உள்ளாட்சி அமைப்பிடம் விண்ணப்பித்துத் தத்தெடுக்கலாம் என்றும், தத்தெடுத்த நாய் மீண்டும் தெருவுக்கு வாராமல் காப்பது எடுத்தவர் பொறுப்பு என்றும் கூறிற்று. அதே ஆண்டு நவம்பரில், பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் முதலிய இடங்களிலிருந்து நாய்களை அகற்றிக் காப்பகங்களில் வைக்குமாறும் ஆணையிட்டது. காப்பகங்கள் நிரம்ப நிரம்ப, வீட்டின் தேவையும் மிகும் அன்றோ?

ஆதலால், எல்லாரும் நாய் வளர்க்க வேண்டும் என்று யான் கூறவில்லை. வீட்டில் நாள் முழுதும் ஆள் இல்லாதவர், வாடகை வீட்டின் உரிமையாளர் இசைவு தாராதவர், பெற்றோர் உடன்படாத பிள்ளைகள் ஆகியோர் நாயை எடுத்து வளர்க்காமல் இருப்பதே நன்று. எடுக்காமல் இருப்பதில் பழி இல்லை. எடுத்துக் கைவிடுதலே பழி. ஒரு முறை வீடு பெற்று மீண்டும் தெருவில் விடப்பட்ட நாய், முன்னிலும் இரங்கத்தக்கது; குப்பையில் உணவு தேடும் திறனையும் அது மறந்திருக்கும். வளர்க்க இயலாதவரும் செய்யத்தக்கவை பல உள்ளன. உறங்கும் நாயின்மேல் கல் எறியாதிருக்கலாம். குட்டியீன்ற நாயை நெருங்காதிருக்கலாம். நோயுற்ற நாயைக் கண்டால் பெரியோரிடம் சொல்லி, 1913 என்னும் எண்ணில் மாநகராட்சிக்கு அறிவிக்கலாம். இடமும் மனமும் உள்ள உறவினரிடம் காப்பகத்து நாயைப் பற்றி எடுத்துச் சொல்லலாம்.

இடமும் பொழுதும் இசைவும் உடைய குடும்பத்தார்க்கோ சொல்வது ஒன்றே. நாய் வேண்டும் என்று தோன்றினால் விலை கூறும் கடைக்குச் செல்லுமுன் காப்பகத்திற்குச் செல்லுங்கள். அங்கே அழகிய குட்டிகளை எடுப்பதற்குப் பலர் வருவர். மூலைக் கம்பிக் கதவின்மேல் கால் ஊன்றி நின்று துள்ளும் செம்பழுப்பு இளநாயின் முன் சற்று நில்லுங்கள். அதன் தந்தை யார் என்று கேளாதீர்கள். அதன் துள்ளலுக்கு நாளும் இரு முறை நடக்க நம் கால்கள் உடன்படுமா என்று கேளுங்கள். பதினைந்து ஆண்டு அதனோடு வாழ நம் மனம் உடன்படுமா என்று கேளுங்கள். உடன்படும் எனின், கயிற்றைக் கையில் பற்றி அழைத்து வாருங்கள். ஊர் அதனைத் தெருநாய் என்று சொல்லிவந்தது. அன்று முதல் அது உங்கள் வீட்டுப் பெயர் சொல்லி அழைக்கப்படும்.